கொடிக்கு வைத்த கேமரா

கடலை வேவு பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை உட்கார வைத்திருந்த வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். ஆள் வேறு யாருமில்லை, வீட்டுக்காரனின் அம்மாதான். முப்பத்தோரு வருஷம் சினிமா கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவள். தலைகளை எண்ணி எண்ணிப் பழகிய கண் அது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவள் நடமாட்டம் கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாகச் சுருங்கிவிட்டது. எண்ணுவதற்கு வேறொன்றும் கிடைக்காமல் கூரைத் தகட்டின் ஆணிகளை எண்ணிக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மகன் அந்த ஏற்பாட்டைச் செய்தான்.

முன்னறையில் கைவைத்த நாற்காலி ஒன்று. எதிரே, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பெரிய திரை. அதில் நான்கு கட்டங்களாகக் கடல். எல்லாம் ஊரில் யார் யாரோ தங்கள் தேவைக்கு மாட்டிய கேமராக்கள். அறைக்கு ஆள் பிடிக்க ஓட்டல்காரன் வைத்தது ஒன்று. படகுகளுக்குக் காவலாகப் படகுச் சங்கத்தார் வைத்தது ஒன்று. அலைப்பலகை வாடகைக்கு விடுகிறவன் அலையின் உயரத்தைக் காட்ட வைத்தது இன்னொன்று. நாலாவது, வடக்குக் கோடியில் ஐஸ் கம்பெனிக் கூரைமேல் இருப்பது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் மட்டும்தான் மணலைப் பார்த்தார்கள்.

ஓட்டல் கேமராவில் கரைக்கு இறங்கும் சிமெண்டுப் படிகள் தெரியும். மொத்தம் பதினாலு படி என்பார்கள். பதினாலையும் பார்த்தவர் எவருமில்லை. சாதாரண நாளில் ஐந்து படி வெளியே இருக்கும், மீதி மணலுக்கடியில். கடல் மணலை அரித்துக்கொண்டு போனால் ஆறாவது தெரியும், பெரிய காற்றடித்தால் ஏழாவதும் தெரியும். படி கூடக் கூட, மணலுக்கடியில் கிடப்பதெல்லாம் மேலே வருகிறது என்று அர்த்தம். கிழவி காலையில் எண்ணுவாள், மத்தியானம் எண்ணுவாள், மணல் எங்கே நிற்கிறதோ அங்கே திரைக் கண்ணாடியில் ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஏழாவது படி தலைகாட்டினால் மகனுக்குப் போன் போகும். தெருவில் அவளுக்குப் படியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தாலும் அம்மாவின் போனை எடுப்பான். எண்ணிக்கையை மட்டும் கேட்பான், வேறு கேள்வி கேட்க மாட்டான். வேலையை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டு வந்து, வீட்டில் எல்லாரும் 'தடி' என்று சொல்கிற, மண்ணுக்கடியில் உலோகம் காட்டும் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். தங்கத்தைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு பாடம் தெரியும், அதைக் கேட்காதவர்களிடமும் சொல்வான்.

"தங்கம் அலையோட அலையாதுங்க. கீழதான் போகும். கெட்டித் தரை வர்ற வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கும். அங்க போய் உக்காந்துக்கிட்டு நம்மளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அவன் தேடியது ஒரே ஒரு பொருள். மற்றதெல்லாம் கிடைத்தது. யார் யாருடைய மோதிரங்களோ, வண்டிச் சாவிகள், ஒரு வெள்ளி ஸ்பூன், கம்பி வைத்த பல்செட் ஒன்று. உரியவர்களைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுத்தான். பல்செட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

ஒருமுறை படியம்மா ஒன்பது படி என்று சொல்லிவிட்டாள். அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தால் ஐந்தே படி, அதிலும் இரண்டு பேர் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டல் கேமரா பழுதாகி, பழைய புயல் நாளின் படம் ஒன்றை அங்கே மாட்டிவைத்திருந்தார்கள். அசையாத கடலை மூன்று மணி நேரம் பார்த்திருக்கிறாள் கிழவி. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது: எண்ணுவதற்கு முன்னால் ஏதாவது அசைகிறதா என்று பார். மருமகள் காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தால்கூடப் படியம்மா உள்ளே எட்டிக் குரல் கொடுப்பாள், "அசையுறாளாடா, பாத்தியா?"

அவன் தேடியது மருமகளின் வளையல். அதாவது, படியம்மா முப்பது வருஷம் தன் கையில் போட்டிருந்து, கல்யாணத்தன்று கழற்றி மருமகள் கையில் மாட்டிய கனத்த வளையல். ஆறு வருஷத்துக்கு முன்னால், படிக்குப் பக்கத்தில் கால் நனைக்கும்போது அலை இழுத்துவிட்டது, கை ஊன்றினேன், நழுவிவிட்டது என்று மருமகள் வந்து சொன்னாள். அவன் அவளைத் திட்டவில்லை. அடுத்த மாதமே தடியை வாங்கிவிட்டான்.

வளையல் நழுவவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது முறையும் கரு தங்காமல் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒன்பதாம் நாள் அது. அவள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வளையல் தொட்டியில் இடித்து இடித்துச் சத்தம் வந்தது. முன்னறையிலிருந்த மாமியார் யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "தொட்டில் ஆடாத வீட்டுல வளையல் மட்டும் நல்லா ஆடுது." சொல்லிவிட்டு டீ கேட்டாள். மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஊரின் வடக்குக் கோடிவரை நடந்து, அலைத்தடுப்புச் சுவர்மேல் ஏறி, மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே நின்று வளையலைக் கழற்றி, சுவர்வரை ஏறிநின்ற கடலில் எறிந்தாள். எறிந்த அந்த நிமிஷம் நெஞ்சு லேசானது. திரும்பி நடக்கும்போது பயம் வந்தது. வடக்கே போனேன் என்றால் ஏன் போனாய் என்று கேட்பார்கள். அதனால் எல்லாரும் கால் நனைக்கிற படியைச் சொல்லிவிட்டாள்.

ஒரு பொய்யைச் சொல்லும்போது அது ஆறு வருஷம் உழைக்கும் என்று யாருக்குத் தெரியும்? மழையில் நனைந்து விறைத்த கையோடு அவன் படியோரம் குழி தோண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவள், இன்று சொல்லிவிடலாம் என்று பிளாஸ்கில் டீ எடுத்துப் போவாள். டீயைக் கொடுத்துவிட்டு வருவாள். தடியை அவள் ஒருநாளும் கையால் தொட்டதில்லை. எல்லாவற்றையும் விடக் கொடுமை, மாமியார் மாறிப்போனதுதான். இடுப்பு ஒடிந்த பிறகு கிழவியின் நாக்கு அடங்கிவிட்டது. மருமகள்தான் தூக்கி உட்கார வைக்கிறாள், தலை வாருகிறாள். இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. வருஷம் முடிவதற்குள் முழுக்கப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அந்த வளையலை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்பாள் படியம்மா. சொல்லிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி படிகளை எண்ணுவாள்.

அந்த முறை காற்று வடக்கிலிருந்து மூன்று நாள் விடாமல் அடித்தது. ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். மருமகள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் மின்சாரம் போய், தேய்க்காத விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்தன. இரண்டு நாள் கேமராக்களும் தெரியவில்லை. நாலாம் நாள் காலை காற்று தணிந்தது, திரையில் நான்கு கட்டங்களும் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. இவ்வளவு பெரிய காற்றுக்குப் பத்துப் படியாவது தெரியும் என்று லிஃப்ட்காரன் முதல் நாளே தடிக்குச் சார்ஜ் ஏற்றி, அதை வண்டியில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தான்.

மூன்றே படி தெரிந்தது.

படியம்மா இரண்டு தரம் எண்ணினாள். மூன்றாம் தரம் மருமகளை எண்ணச் சொன்னாள். அரிப்பதற்குப் பதில் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. நாலாவது ஐந்தாவது படிகள்கூட மூடிக்கிடந்தன. கிழவி மகனுக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உருப்பெருக்கியை மடியில் கவிழ்த்தாள்.

மருமகளுக்குப் பகல் ஷிப்ட். அவித்த முட்டையை உரித்து மாமியார் தட்டில் வைத்துக்கொண்டே தற்செயலாகத் திரையைப் பார்த்தாள். நாலாவது கட்டத்தை யாரும் மணலுக்காகப் பார்ப்பதில்லை. அதில் ஐஸ் கம்பெனியின் கொடிக்கம்பம் தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று அறியக் கொடியை மட்டும் பார்ப்பார்கள். இத்தனை நாளாக அந்தக் கட்டத்தில் கொடிக்குக் கீழே அந்தக் குடும்பத்தின் கண் இறங்கியதே இல்லை. அவளும் அந்தப் பக்கம் பார்க்காமல் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்று பார்த்தாள். கொடிக்கம்பத்துக்குக் கீழே அலைத்தடுப்புச் சுவர். சுவருக்குக் கீழே எப்போதும் வெளிறிக் கிடக்கும் மணலைக் காணவில்லை. அந்த இடம் முழுக்கக் கன்னங்கரேலென்று இருந்தது. கறுப்பின் மேல் நூற்றுக்கணக்கில் ஏதோ முளைத்து நின்றன. மூன்று நாளில் ஒரு கரையையே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது கடல்.

"அத்தை, நாலாவதைக் கொஞ்சம் பாருங்க."

"கொடி தெற்கே பறக்குது. பாத்துட்டேன்."

"கொடி இல்ல. கீழ."

படியம்மா உருப்பெருக்கியைத் தூக்கினாள். "என்ன அது, கேமராவுல அழுக்கா?"

"அழுக்கு இல்ல. மண்ணு போயிருக்கு. முழுக்கப் போயிருக்கு."

"அசையுதா?"

"தண்ணி அசையுது. கறுப்பு அசையல."

கிழவி கொஞ்ச நேரம் பார்த்தாள். மணலை இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "அங்க இருந்ததைத்தான் தூக்கியாந்து நம்ம படியில கொட்டியிருக்கு. அடேங்கப்பா, எவ்வளவு மண்ணு." பிறகு உருப்பெருக்கியை இறக்கினாள். "நமக்கு என்ன பிரயோஜனம். நம்ம பொருள் இங்கல்ல கிடக்கு."

அலமாரிக் கதவில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஒட்டியிருந்தது. பதினொன்றே காலுக்குத் தண்ணீர் முழுக்க இறங்கும். ஒரு மணிக்கெல்லாம் சுவர்வரை ஏறிவிடும். இப்போது ஒன்பதரை. இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் மணல் திரும்பி வந்து மூடிவிடும். அந்த மனுஷன் தவறான இடத்திலேயே சாகும்வரை தோண்டுவான், இந்தக் கிழவி குருடாகும்வரை தவறான படிகளை எண்ணுவாள். திறந்தால் என்ன ஆகுமோ, இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமோ இருக்காதோ. முட்டைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, வளையல் நழுவல. நான்தான் கழட்டி எறிஞ்சேன். படிக்கிட்ட இல்ல. அங்க, அந்தச் சுவத்து மேல நின்னு."

படியம்மா திரும்பவில்லை. திரையில் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ விழுந்த தகரத்தை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"எந்தக் கம்பம்?"

மருமகளுக்குப் புரியவில்லை.

"சுவத்து மேல வரிசையா விளக்குக் கம்பம் இருக்குல்ல. எதுக்கிட்ட நின்ன?"

"மூணாவது."

"எந்தக் கையால எறிஞ்ச?"

"வலது கை."

"அழுதுக்கிட்டு எறிஞ்சியா, கோபத்துல எறிஞ்சியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன அத்தை?"

"அழுதா கிட்ட விழும். கோபம்னா தூரம் போகும்."

மருமகள் யோசித்தாள். ஆறு வருஷத்தில் தன்னையே அவள் கேட்டுக்கொள்ளாத கேள்வி. "கோபம்தான்," என்றாள்.

படியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். திரையோடு மூக்கு உரசக் குனிந்து, கம்பங்களை விரலால் தடவி எண்ணி, மூன்றாவதிலிருந்து நேரே கீழே வந்து, கறுப்புக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். அந்தக் கட்டத்தில் அதுதான் முதல் ஸ்டிக்கர்.

"அன்னிக்கு நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நீ மறந்திருப்பேன்னு நெனச்சே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டேன். அவனுக்குப் போனைப் போடு."

மகனிடம் அவள் வடக்குச் சுவருக்கு வா என்று மட்டும் சொன்னாள். பழக்கப்படி அவனும் கேள்வி கேட்கவில்லை.

சலவைக்கூடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மருமகள் சுவரை அடைந்தபோது அவன் ஏற்கெனவே வந்து மேலே நின்றிருந்தான். தடி தோளில் இருந்தது, மண்வெட்டி கையில் இருந்தது, வாய் திறந்திருந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் தான் எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

கீழே இருந்தது ஒரு காடு. வெட்டாமலே குட்டையாகிப்போன மரங்கள், முழங்கால் உயரத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு, கண்ணுக்கு எட்டியவரை. வேர்கள் கறுப்புக் களிமண்ணின்மேல் விரல் விரித்துக் கிடந்தன. ஒரு மரம் விழுந்தபடியே கிடந்தது, பட்டைகூட உரியாமல். இத்தனை காலம் ஊர் ஜனம் துண்டு விரித்துப் படுத்திருந்த மணலுக்கடியில், பிள்ளைகள் பந்து உதைத்த தரைக்கடியில் இந்தக் காடு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. இலை அழுகிய வாசனை மேலே வந்தது. கடலோரத்தில் அவர்கள் இருவரும் அதற்கு முன் முகர்ந்திராத வாசனை அது.

"கடல் இல்லாம இருந்திருக்கு," என்றான் அவன் மெதுவாக. "இங்க ஒரு காலத்துல கடலே இல்லாம இருந்திருக்கு."

இரும்பு ஏணி வழியாக இறங்கினார்கள். களிமண் காலுக்கடியில் கெட்டியாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒரு அடிமரத்தின் பக்கத்தில் நிறுத்தி அவள் அவனிடம் சொன்னாள். நீட்டி முழக்காமல், எங்கே, எப்போது, எப்படி என்று மட்டும் சொன்னாள். கையிலிருந்த போனில் படியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் கறுத்துவிட்டது. "ஆறு வருஷம்," என்றான். "ஒரு தடவைகூட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தினமும் தோணுச்சு."

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். விழுந்து கிடந்த மரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். போனில் கிழவியின் குரல் கணகணவென்று வந்தது.

"எறிஞ்சது அவ. எறிய வெச்சது நான். திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டு. ஆனா தண்ணி ஏறினப்புறம் திட்டு, இப்ப வேலையைப் பாரு."

எறிய வைத்தது எது என்று அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவனும்தான் இருந்தான். திரும்பி வந்தான். கழுத்தில் தொங்கிய, தடியின் சத்தம் கேட்கிற ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினான், தடியை அவள் கையில் கொடுத்தான். "எறிஞ்ச கைதானே. நீயே தேடு."

அவளுக்குப் பிடிக்கவே தெரியவில்லை. விளக்குமாறு மாதிரி பிடித்தாள். தரையோடு ஒட்டி, மெதுவாக, என்று அவன் சொல்லிக்கொடுத்தான். போனில் படியம்மா வழி சொன்னாள். கேமராவின் படம் வீட்டுக்கு வந்துசேர இருபது நொடி ஆகும். அதனால் இவர்கள் ஒரு அடி வைத்துவிட்டுச் சிலையாக நிற்க வேண்டும், கிழவி பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி.

"அசையுறது நீதானா? கையைத் தூக்கு."

தூக்கினாள். நின்றார்கள். காட்டுக்குள் காற்றுகூட இல்லை. அந்த இருபது நொடியும், முன்பு இலை இருந்த இடங்களை அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"ம், தெரியுது. ரெண்டடி கடல் பக்கம் போ. நில்லு. இன்னும் ஒண்ணு. ஸ்டிக்கருக்கு அடியில போயிட்ட, இப்ப நீ எனக்குத் தெரியல. அங்கயே பாரு."

அங்கே ஒன்றுமில்லை. சுற்றிச் சுற்றித் தேடியதில் ஒரு தூண்டில் ஈயமும் ஒரு ஆணியும் கிடைத்தன. பதினொன்றரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. களிமண் அங்கே பலகை பலகையாக வெடித்திருந்தது. அலை அடியில் குடைந்ததில் ஒவ்வொரு பலகையும் திண்ணைபோல அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அகலமான பலகை ஒன்றின் வெடிப்போரம் தடி போனபோது அவள் காதில் ஒரு சத்தம் வந்தது. ஆணிக்கு வந்ததுபோலக் கீச்சிடவில்லை. தாழ்ந்து, உருண்டு, நீளமாக வந்தது. அவள் ஹெட்போனை அவன் காதில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுதான்," என்றான். "வெடிப்புல உருண்டு பலகைக்கு அடியில போயிருக்கு. கை நுழையாது. பலகையை நெம்பினா எடுத்துடலாம்."

மண்வெட்டியை எடுத்து வந்து வெடிப்பில் வைத்தான். அவள் பலகையின் மேலே தேங்கியிருந்த சேற்றுநீரை வழித்துவிட்டாள், பிடிப்பதற்குத் தோதாக. வழித்த கை அப்படியே நின்றது.

"நெம்பாதீங்க. ஒரு நிமிஷம்."

பலகைமேல் கால்தடங்கள் இருந்தன. காலையில் யாரோ நடந்துபோனது மாதிரி அவ்வளவு தெளிவாக. பெருவிரல், மற்ற விரல்கள், குதிகால். வளர்ந்த ஒருவரின் கால்கள், பெண்ணின் கால்களாக இருக்க வேண்டும், தன்னுடையதைவிட ஒரு சுற்றுச் சிறியவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே, ஓட்டமும் நடையுமாக, மிகச் சின்னக் கால்கள். களிமண் இறுகும் முன் பதிந்து, காட்டோடு காடாகப் புதைந்து, இன்றைக்கு வெயிலைப் பார்க்கின்றன. சின்னக் கால்கள் ஐந்தாறு எட்டு வந்து, பலகையின் நடுவில் நின்றுவிட்டன. அதற்கப்புறம் இல்லை. அங்கிருந்து பெரிய கால்கள் மட்டும் போயின, முன்னைவிட ஆழமாகப் பதிந்து.

"தூக்கிக்கிட்டா," என்றாள் அவள். "இங்க வந்ததும் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா."

அவன் மண்வெட்டியைப் பிடித்தபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கடலின் இரைச்சல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

"என்னடா, சத்தம் வந்துச்சா? பேச்சே காணோம்," என்றாள் படியம்மா.

"வந்துருச்சு அத்தை. வளையல்தான். ஆனா இங்க ஒரு குழந்தை நடந்திருக்கு."

"யார் வீட்டுக் கொழந்தை? தண்ணி ஏறுற நேரத்துல எவ விட்டா?"

"இப்ப இல்ல அத்தை. எப்பவோ. இந்தக் காடு இருந்தப்ப. அம்மாவும் புள்ளையும் நடந்து போயிருக்காங்க. காலு அப்படியே பதிஞ்சிருக்கு. ஒரு இடத்துல அவ புள்ளையைத் தூக்கிக்கிறா."

படியம்மா நாற்காலியில் நிமிரும் சத்தம் போனில் கேட்டது.

"எவ்வளவு பெரிய காலு?"

அவள் சின்னத் தடத்தின்மேல் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. "என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடுது."

"வளையல் எங்க இருக்கு?"

"அதுக்கு நேர் அடியில. எடுக்கணும்னா இதை உடைக்கணும்."

இந்த முறை இருபது நொடிக்கு மேலேயே ஆயிற்று. கேமராவில் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர்தான் அவர்களை மறைத்துக்கொண்டிருந்தது. கிழவி பார்க்கவில்லை, அழுகிறாள் என்று மருமகளுக்குத் தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள் படியம்மா. "தோண்டாதீங்க. மண்ணு வந்து மூடட்டும். அதுங்க பாட்டுக்கு நடந்து போகட்டும்."

லிஃப்ட்காரன் மனைவியைப் பார்த்தான். ஆறு வருஷம் தேடிய பொருள் அரையடி ஆழத்தில் கிடந்தது. மண்வெட்டி அதன் வாசலிலேயே நின்றது. நெம்பு என்று அவள் சொல்லியிருந்தால் நெம்பியிருப்பான். அவள் தலையசைத்தாள், வேண்டாம் என்று. அவன் மண்வெட்டியை வெடிப்பிலிருந்து மெதுவாக உருவினான், தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பதுபோல.

"மண்ணு மூடிட்டா இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கும்," என்றான்.

ஏறும் தண்ணீருக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் பலகையோரம் உட்கார்ந்து, அவள் பழக்கப்படி எடுத்து வந்திருந்த பிளாஸ்கிலிருந்த டீயை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஒருமுறை அவன், படிக்குப் பக்கத்தில் தான் தோண்டிய குழிகளை எல்லாம் சேர்த்தால் ஒரு கிணறே வரும் என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதல் அலை சத்தமில்லாமல் வந்து, வேர்களுக்கிடையே புகுந்து, சின்னக் காலை முதலில் நிறைத்தது. அப்புறம் பெரிய காலை. தண்ணீர் தெளிவாக இருந்ததால் கொஞ்ச நேரம் அவை அடியில் தெரிந்துகொண்டே இருந்தன.

ஏணியில் ஏறிச் சுவர்மேல் நின்று அவள் ஐஸ் கம்பெனிக் கூரையைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமல் நின்றாள். இருபது நொடி.

"அசையுது," என்றது போன். "நீதான். வீட்டுக்கு வாங்க."

வீட்டுக்கு வந்தபோது நாற்காலியின் கைப்பிடியில் சிவப்பு ஸ்டிக்கர்கள் குப்பையாகக் கிடந்தன. ஓட்டல் கேமராவின் கட்டத்தில் இருந்ததை எல்லாம் கிழவி நகத்தால் சுரண்டி எடுத்திருந்தாள். நாலாவது கட்டத்தில் இருந்த ஒன்றை மட்டும் விட்டிருந்தாள். அதற்குப் பின்னால் இப்போது வெறும் தண்ணீர். உரித்த முட்டை தட்டில் அப்படியே இருந்தது.

அவன் தடியைக் கழுவப் பின்பக்கம் போனான். மருமகள் மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். களிமண் அவள் கைரேகைகளில் கறுப்பாக ஏறியிருந்தது. படியம்மா இருட்டில் துழாவுவதுபோல அந்தக் கையைத் தேடிப் பிடித்து, மடியில் மல்லாத்திவைத்து, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினாள். மணிக்கட்டிலிருந்து விரலடிவரை, அப்புறம் குறுக்கே.

"இவ்வளவுதானா இருந்துச்சு?"

"இவ்வளவுதான் அத்தை."

கிழவி அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திரையில் நான்கு கட்டங்களிலும் கடல் அசைந்துகொண்டிருந்தது. அன்று அவள் அதற்கப்புறம் எதையும் எண்ணவில்லை.